சட்டம் கேளுங்கள்: கனடாவில் வழக்கு, ஹட்டனில் சமாதானம் பேசலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் மாணவர் விசாவில் படிக்கும் என் மகன், அறையில் கூட இருந்த பையனைத் தள்ளி அடித்ததாகச் சொல்லி பொலிஸ் பிடித்து, மறுநாள் பிணையில் விட்டிருக்கிறார்கள். அந்தப் பையனும் எங்கள் பக்கத்துத் தோட்டம்தான். அவன் அம்மாவிடம் பேசி கேஸை வாபஸ் வாங்கச் சொல்லவா? குற்றத்தை ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே?
- ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, தயவுசெய்து இப்போது அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள். இங்கே சின்ன அடிதடி என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகும், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும். அங்கே அடி வாங்கியவரே வேண்டாம் என்றாலும் வழக்கு நின்றுவிடாது. நடத்துவதா கைவிடுவதா என்பது ‘கிரவுன்’ என்று அவர்கள் சொல்லும் அரச சட்டத்தரணியின் முடிவு. மகனுக்குக் கொடுத்த பிணைத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பையனோடு நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது என்று பெரும்பாலும் அதில் இருக்கும். மகன் சொல்லி நீங்கள் தூது போனால் அதுவே பிணை மீறல், அது தனிக் குற்றம், பிறகு மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

அடுத்தது குற்றத்தின் வகை. கனடாவில் சிறு குற்றங்களுக்குச் சுருக்கமுறை விசாரணை, பெரியவற்றுக்குக் குற்றப்பகர்வு விசாரணை, அதாவது பாரதூரமான குற்றமென்று முறைப்படி குற்றஞ்சாட்டி நடத்துவது. நடுவில் இரண்டு வழியிலும் போகக்கூடிய கலப்புக் குற்றங்கள் நிறைய இருக்கின்றன, சாதாரண தாக்குதலும் அதில் ஒன்று. எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதும் கிரவுன்தான். சுருக்கமுறை என்றால் ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும், சிறை இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைவுதான் உச்சம். குற்றப்பகர்வு வழியில் போனால் தாக்குதலுக்கு 5 வருடம் வரை போகலாம், ஆனால் ஜூரி கேட்கும் உரிமையும் வரும்.

இப்போது அந்த ‘ஒத்துக்கொள்’ பேச்சு. எனக்கு உண்மையில் பயமாக இருப்பது இதுதான். உங்கள் மகனிடம் இருப்பது மாணவர் விசா. குடிவரவுச் சட்டம் கலப்புக் குற்றத்தை, வழக்கு சுருக்கமுறையில் நடந்திருந்தாலும், குற்றப்பகர்வுக் குற்றமாகவே கணக்கெடுக்கும். அபராதத்தோடு போனாலும் குற்றத்தீர்ப்பு என்று ஒன்று பதிவானால் நாட்டில் இருக்கவே தகுதி போகலாம். அதனால் குடிவரவுச் சட்டமும் தெரிந்த ஒரு சட்டத்தரணியைப் பார்க்காமல் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். நீதிமன்றத்தில் முதல் தவணையன்று விசாரணை நடக்காது, பயப்படத் தேவையில்லை. தன்னிடம் இருக்கும் பொலிஸ் அறிக்கை, சாட்சி வாக்குமூலம் எல்லாவற்றையும் கிரவுன் அவனுக்குக் கொடுத்தாக வேண்டும், அதை 1991இல் கனடா உச்ச நீதிமன்றமே தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கையில் காசில்லை என்றால் நீதிமன்றத்திலேயே கடமையில் இருக்கும் சட்ட உதவிச் சட்டத்தரணியைக் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் அது அவனுடைய உரிமை.

கேள்வி: கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் குற்றவியல் சட்டம் மாறுமா? என் தம்பி அங்கே நிரந்தர வதிவிடத்தோடு லொறி ஓட்டுகிறான்.
- வாசகர், பண்டாரவளை

பதில்: மாறாது. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பு குற்றவியல் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய பாராளுமன்றத்துக்குக் கொடுத்தது, நீதிமன்றங்களை நடத்துவது மாகாணங்களின் வேலை. வேகமாக ஓட்டியதற்கு வரும் சாதாரண டிக்கெட் மாகாணச் சட்டத்தில் வருவது, அதைக் குற்றப் பதிவு என்று எண்ணி நடுங்க வேண்டாம், கட்ட வேண்டியதைக் கட்டலாம், மறுத்து வழக்காடவும் செய்யலாம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவது நாடு முழுவதற்குமான குற்றவியல் சட்டத்தில் வருகிறது. 2018 டிசம்பரில் அதற்கான உச்சத் தண்டனையை 10 வருடமாகக் கூட்டிவிட்டார்கள், அவ்வளவு தண்டனை உள்ள குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பாரதூரமானதாக எடுக்கும், அதனால் ஒரே ஒரு தீர்ப்பிலேயே தம்பியின் நிரந்தர வதிவிடமே பறிபோகலாம்.