ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் விழுவது ஏன்?

கேள்வி: இணையக் கடையில் வரும் ஆர்டர்களை ஒருங்கிணைப்புத் தளம் வழியாகக் கணக்கு மென்பொருளின் ஏபிஐக்கு (மற்ற மென்பொருள்கள் அதனுடன் பேசும் வாசல்) அனுப்புகிறோம். சோதனையில் நன்றாக ஓடியது. இப்போது சில ஆர்டர்களுக்கு இரண்டு பில் விழுகிறது. இடையிடையே 401 பிழையும் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். 401 சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுங்கள். உங்கள் டோக்கனை, அதாவது அடையாளச் சீட்டை, எதிர்முனை ஏற்கவில்லை என்பதே அதன் பொருள். ஓஆத் என்ற அனுமதி வழங்கும் முறையில் கிடைக்கும் அணுகல் டோக்கனுக்கு ஆயுள் குறைவு. அது தீர்ந்ததும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிப் புதியது வாங்க வேண்டும். தளத்தின் கனெக்டர் (அந்த மென்பொருளுக்கென்றே இருக்கும் தயார் இணைப்பு) வழக்கமாக இதைத் தானே செய்துவிடும். பொதுவான எச்டிடிபி இணைப்பில் டோக்கனை நீங்களே ஒட்டியிருந்தால், யாரும் புதுப்பிக்க மாட்டார்கள். 403 என்றால் விஷயம் வேறு: அடையாளம் சரி, அனுமதி போதவில்லை.

இரட்டை பில்தான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. தளத்தின் செயல்பாட்டுப் பதிவான லாகைத் திறந்து அந்த ஆர்டர் எண்ணைத் தேடுங்கள். முதல் அழைப்பு டைம்அவுட், அடுத்ததாக அதே தரவுடன் இன்னொரு அழைப்பு, அதற்கு 201 (உருவாக்கப்பட்டது) என்று இருந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. முதல் முறையே பில் உருவாகிவிட்டது. பதில் மட்டும் வந்து சேரவில்லை. தோற்றுவிட்டதாக நினைத்துத் தளம் மறுபடி அனுப்பியிருக்கிறது.

மறுமுயற்சியை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், ஆர்டர்களே தொலையும். ஏபிஐ ஐடெம்பொட்டென்சி கீயை (அதே கோரிக்கை மீண்டும் வந்தால் இன்னொரு முறை செயல்படாமல் தடுக்கும் அடையாளத்தை) ஏற்குமா என்று ஆவணத்தில் பாருங்கள். ஏற்றால் ஆர்டர் எண்ணிலிருந்தே அந்தக் கீயை உருவாக்குங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ போனால் பயனில்லை. ஏற்காவிட்டால், பில்லின் குறிப்பு எண்ணாக ஆர்டர் எண்ணை வைத்து, அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிய பிறகே உருவாக்குங்கள். இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் தேடினால் இதிலும் ஓட்டை உண்டு, அதனால் ஆர்டர்களை ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள்.

ஆர்டர் வெப்ஹுக் (ஆர்டர் விழுந்ததும் கடையே தானாக அனுப்பும் தகவல்) மூலம் வருகிறதென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் 200 (கிடைத்தது) சொல்லத் தாமதித்தால், அனுப்பும் பக்கமே அதே நிகழ்வை மீண்டும் அனுப்பக்கூடும். எனவே முதலில் 200 சொல்லிவிட்டு, வேலையைப் பிறகு செய்யுங்கள்.

எதை மறுமுயற்சி செய்வது என்பதையும் பிரித்துவிடுங்கள். 400, 422 என்றால் தரவே தவறு, எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். 429 (அளவுக்கு மீறிய அழைப்புகள்) வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். 500 வகைக்கு (எதிர்முனைச் சர்வரின் கோளாறு) முயற்சிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

எல்லாம் முடிந்ததும், சோதனைக் கணக்கில் ஒரே ஆர்டரை வேண்டுமென்றே இருமுறை அனுப்பிப் பாருங்கள். ஒரு பில் மட்டும் இருந்தால் நேரலைக்கு மாற்றலாம்.