போர்டு இருந்தது, பார் பூட்டவில்லை

தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார்.

“வணக்கம் அக்கா. போன டிசம்பர் லீவில் ஊருக்கு வந்த ஃபன்ஃபேருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். என் தங்கை வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார். ஊஞ்சல் போல ஆடி ஆடித் தலைகீழாகச் சுற்றுகிற ரைடு ஒன்றில் என் மகன் ஏறினான். அவனுக்கு 13 வயது. சேஃப்டி பார் சரியாக மாட்டவில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினான். அங்கே வேலை பார்த்த பையன் வந்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டான். ரைடு வேகம் எடுத்ததும் பார் தளர்ந்து, பிள்ளை முன்னால் போய் மோதினான். காறை எலும்பு முறிந்தது, முன்பல் ஒன்றும் போனது. இதுவரை 38,000 ராண்ட் செலவு. டிக்கெட் கவுண்டரில் ‘சொந்தப் பொறுப்பில் ஏறவும்’ என்று போர்டு வைத்திருக்கிறோம், எங்கள் மேல் கேஸ் போட முடியாது என்று கம்பெனிக்காரர்கள் போனில் சொல்கிறார்கள். மனிதாபிமானத்துக்காக 5,000 ராண்ட் தருகிறார்களாம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கிடைத்ததை வாங்கு என்கிறார் என் வீட்டுக்காரர். வாங்கலாமா?”

வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பேப்பரில் கையெழுத்தும் போடாதீர்கள். ‘முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது’ என்று ஒரு வரி அதில் நிச்சயம் இருக்கும். போட்டுவிட்டால் 5,000 ராண்டோடு கதை முடிந்தது.

போர்டைப் பற்றி அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. நம் டர்பனிலேயே நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது. ‘டர்பன்ஸ் வாட்டர் வொண்டர்லாண்ட்’ என்று அந்தப் பொழுதுபோக்குப் பார்க்கின் பெயரால் வக்கீல்கள் எல்லாருக்கும் தெரியும். சுழலும் ரைடு ஒன்று கோளாறாகி ஒரு தாயும் அவருடைய சின்ன மகளும் வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். டிக்கெட் ஜன்னலின் இரண்டு பக்கமும் பொறுப்பேற்க மாட்டோம் என்ற அறிவிப்பு இருந்தது. பார்வையில் படும்படி வைத்திருந்தார்கள், சராசரி ஆள் கவனித்திருப்பார், அது போதும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் பார்க் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்களுக்குப் போன் பண்ணுகிறவரும் மனதில் இதைத்தான் வைத்திருப்பார்.

ஆனால் அவர் 2011-க்கு அப்புறம் வந்ததைப் படிக்கவில்லை போலிருக்கிறது. அந்த வருஷம் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008-இன் 68-ஆம் சட்டம், போர்டுகளின் பலத்தைப் பாதிக்கு மேல் பிடுங்கிவிட்டது. அதன் 49-ஆவது பிரிவின்படி, பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும், கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே தெரியவந்திருக்க வேண்டும், படித்துப் புரிந்துகொள்ள நேரமும் கொடுத்திருக்க வேண்டும். பலத்த காயமோ உயிருக்கே ஆபத்தோ வரக்கூடிய விஷயம் என்றால் அந்த ஆபத்தைத் தனியாக எடுத்துச் சொல்லி, நீங்கள் அதற்குச் சம்மதித்ததற்கு அடையாளமும் வேண்டும். டிசம்பர் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்க, தங்கை வீட்டுக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் நடந்ததா?

அதைவிட முக்கியம் 51-ஆவது பிரிவு. மிக மோசமான கவனக்குறைவுக்கு விலக்குக் கேட்கும் நிபந்தனை செல்லவே செல்லாது. பார் பூட்டவில்லை என்று ஒரு பிள்ளை கையைத் தூக்கிக் காட்டிய பிறகும் பூட்டைச் சோதிக்காமல் தட்டிவிட்டுப் போனதை நான் அந்த வகையில்தான் சேர்த்து வாதாடுவேன். நீதிபதி அதைச் சாதாரணக் கவனக்குறைவு என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னாலும் அந்தச் சட்டத்தின் விதிகளில் இன்னொரு பிடி இருக்கிறது. உடற்காயத்துக்கான பொறுப்பை விலக்கும் நிபந்தனை நியாயமற்றது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். நியாயம்தான் என்று காட்டும் பாரம் கம்பெனியின் தலையில். டிக்கெட் எடுத்தது வேறொருவர் என்பதாலும் குறைவில்லை. சேவையை அனுபவித்தவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அடுத்து அவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? “பயப்படத்தானே ஏறினான்!” இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரமே பயத்தை விற்பதுதான். கோல்ட் ரீஃப் சிட்டியில் பழைய சுரங்கக் குழிக்குள் நெட்டுக்குத்தாக இறங்கும் ‘டவர் ஆஃப் டெரர்’ 2001-இலிருந்து ஓடுகிறது. ப்ளூக்ரான்ஸ் பாலத்தில் 216 மீட்டர் உயரத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கக் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். நம் மோசஸ் மபிடா ஸ்டேடியத்து ஊஞ்சலில் குதித்துவிட்டு வந்த என் அண்ணன் மகன், அந்த வீடியோவை எல்லாக் கல்யாண வீட்டிலும் போட்டுக் காட்டுகிறான். குடல் வாய்க்கு வர வேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சந்தோஷம். சரி, அது அவரவர் விருப்பம்.

1929-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. ஓடுகிற பெல்ட் மேல் ஆட்கள் தடுமாறி விழுவதுதான் அங்கே ஒரு பார்க் ரைடின் வேடிக்கை. ஒருவர் விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டு வழக்குப் போட்டார். விழுவதைப் பார்த்துவிட்டுத்தானே ஏறினீர்கள், பயந்தவர் வீட்டில் இருக்கலாமே என்ற தொனியில் எழுதி, விழுந்தவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை நீதிபதி கார்டோசோ ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அந்தத் தீர்ப்பில் தகராறு இல்லை, விழுவதே அந்த ரைடு. உங்கள் மகன் ஏற்றுக்கொண்டது தலைசுற்றலையும் வாந்தியையும் குலுக்கலையும்தான். பூட்டாத பாரை அவன் ஏற்கவே இல்லை, ஏற்கவில்லை என்று கையைத் தூக்கியே காட்டியிருக்கிறான். தெரிந்தே ஆபத்தை ஏற்றார் என்ற வாதம் இங்கே நிற்காது. பையனே சேட்டை செய்து பாரைத் தள்ளினான் என்று அவர்கள் கதை கட்டினாலும், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்குத் தன் செயலின் ஆபத்து புரியாது என்றே நம் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். புரிந்துதான் செய்தான் என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கவனக்குறைவை நிரூபிக்காமலே போக ஒரு வழியும் உண்டு. பழுதான பொருளால் காயம் என்றால் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்கிறது 61-ஆவது பிரிவு. சேவை தரும்போது ஒரு பொருளைப் பயன்படுத்தக் கொடுப்பவரும் அதில் அடங்குவார். பார் பூட்டே தேய்ந்திருந்தது என்று எஞ்சினியர் சொன்னால் இதுதான் நம் முதல் ஆயுதம்.

இப்போது காலக்கெடு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்களிடம் இரண்டு கிளெய்ம் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில் பெற்றோரின் கிளெய்ம், அதற்கு 3 வருஷம்தான். வலி, வேதனை, வருங்காலத்தில் பல்லுக்கு ஆகும் செலவு என்று பிள்ளைக்கு வருவது பிள்ளையின் கிளெய்ம். அவனுக்கு 18 வயதாகி ஒரு வருஷம் வரை பொதுவாக அது காலாவதி ஆகாது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 61-ஆவது பிரிவு காயத்திலிருந்து 3 வருஷத்தைத்தான் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே போடுங்கள். சிறு உரிமைக் கோர்ட் 20,000 ராண்டோடு நின்றுவிடும், அங்கே போக வேண்டாம். 2 லட்சம் வரை மாவட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட், அதற்கு மேல் 4 லட்சம் வரை பிராந்தியக் கோர்ட். ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று எடுத்துக்கொள்கிற வக்கீல்கள் உண்டு. அவர்கள் வழக்கமான ஃபீஸைப் போல இரண்டு மடங்குக்கு மேலோ, கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேலோ கேட்க முடியாது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். உங்கள் மருமகள் கீழே நின்று எடுத்தது, கை ஆடுகிறது, பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். ஆனால் 11-ஆவது வினாடியில் பக்கத்து சீட்டு பார் தொடையோடு ஒட்டியிருக்கிறது, உங்கள் மகனுடையது ஒரு கை நுழையும் அளவு மேலே நிற்கிறது. ஆரஞ்சு சட்டைப் பையன் அதைத் தட்டுவதும் தெரிகிறது. 38,000 ராண்ட் பில்லைவிட இது பெரிய சொத்து. வாட்ஸ்அப்பில் வந்தது தரம் குறைந்த காப்பி. எடுத்த போனிலேயே மூலப் பதிவு இருக்கும், அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம் என்று மருமகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கையில் கட்டிய ரிஸ்ட்பேண்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்து சீட்டில் இருந்தது யார் என்று விசாரியுங்கள்.

ஃபன்ஃபேர் வண்டிகள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும், பூட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். அதனால் வக்கீல் மூலம் முதலில் போக வேண்டிய கடிதம் பணம் கேட்டு இல்லை, பூட்டையும் பராமரிப்புப் பதிவேட்டையும் பத்திரமாக வைக்கச் சொல்லி. வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தொழிலாளர்களை மட்டுமல்ல, வந்துபோகும் ஜனங்களையும் ஆபத்தில் தள்ளக்கூடாது என்பது 1993-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு.

அடுத்த தடவை போன் வந்தால் வாதம் பண்ண வேண்டாம். “எழுத்தில் அனுப்புங்கள், என் வக்கீல் பதில் தருவார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த 11-ஆவது வினாடியைக் காட்டுங்கள்.