எரவாணத்தில் ஒரு தம்ளர்

அன்புள்ள ஐயா,

அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அண்மையில் மாற்றலாகி வந்த ஒருவர், “இதையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் மகளும் அதையே சொல்கிறாள். (அவளுக்கு வரன் பார்க்கிறோம். அடுத்த வாரம் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள்.) அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவரும் இயேசுதானே? சாட்சியுள்ள வாழ்க்கை என்றால் எதுவரை வெளியே காட்டலாம்?

ஒரு வாசகி,
நாகர்கோவில்

அன்புச் சகோதரிக்கு,

ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் நீங்கள் அரை நிமிடம் கண்ணை மூடுவதால் யாருடைய கோப்பும் தேங்கப்போவதில்லை. நம்புவதை வெளிப்படையாகச் சொல்லும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவே தந்திருக்கிறது. கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னது, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்தவர்களை மனத்தில் வைத்து. அதே மலைப்பிரசங்கத்தில், ஓர் அதிகாரம் முன்பு, விளக்கைக் கொளுத்தி மரக்காலால் (தானியம் அளக்கும் பாத்திரத்தால்) மூடிவைக்க மாட்டார்கள் என்று சொன்னவரும் அவர்தான். அங்கே வெளிச்சம் என்று அவர் சொல்வது நற்கிரியைகளை.

ஆனால் ‘சாட்சி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் என் மனம் நின்றுவிட்டது. விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவதற்கு நம் சபைகளில் தினமும் புழங்கும் சொல். அது நீதிமன்றத்துச் சொல்லும்கூட. கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர், குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும். ஊர் பார்க்க ஒருமுறை கண்ணை மூடி ஜெபித்துவிட்டால், “அப்படியானால் இதற்கு என்ன சொல்கிறாய்?” என்று கேட்கும் உரிமை ஊருக்கு வந்துவிடுகிறது. நம் மண்ணில் அந்தக் கேள்வி பெரும்பாலும் சாதியைப் பற்றியதாகவே இருக்கிறது.

என் வீட்டைச் சொல்கிறேன். முன் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட வாசகம் ஒன்று தொங்கியது. கிறிஸ்து இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளை உணவிலும் கண்ணுக்குத் தெரியாத விருந்தினர் என்பது அதன் பொருள். உங்கள் வீட்டிலும் இருக்கும். பின்பக்கம், தாழ்வாரத்துக் கூரை விளிம்பான எரவாணத்தில், ஓர் எவர்சில்வர் தம்ளர் செருகியிருக்கும். விளிம்பு நெளிந்தது. தேங்காய் வெட்ட வருபவருக்கு அதில்தான் காப்பி. அம்மா தூக்கி ஊற்றுவார். தம்ளரில் பாத்திரம் படாது. குடித்து முடித்ததும் அவரே கழுவி, அவரே எரவாணத்தில் செருகிவிட்டுப் போவார். அவரும் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அதே பாமாலையைப் பாடியவர். அம்மா நல்லவர். வேதம் வாசிக்காமல் படுத்த நாள் அவர் வாழ்வில் இல்லை. அந்தத் தம்ளரும் வேத வாசிப்பும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வேலை கிடைத்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அதை எழுத இன்றும் கை கூசுகிறது.

நாகர்கோவில் என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டாறு சவேரியார் பேராலயம் உங்களுக்குப் பக்கம்தான். தேவசகாயம் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கத்தோலிக்கர்தான், ஆனாலும் நம் எல்லோருக்கும் உரியவர். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அலுவலராக இருந்தவர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படைத் தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லோரோடும் கலந்து பழகினார். அது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749இல் கைது, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயர் நீங்கி, ‘தேவசகாயம்’ மட்டுமே நின்றது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 1872இல் அங்கே எழுந்த கோயிலுக்கு ஒரே பீடம். அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு கூடங்கள் விரிந்தன: வெள்ளாளருக்கு ஒன்று, நாடார் முதலான மற்றவர்களுக்கு ஒன்று. நடுவே சுவர். ஒரே பூசை, அந்தப் பக்கம் முழந்தாளிட்டிருப்பவரை இந்தப் பக்கத்தவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் சுவரை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தச் சுவரின் இருபுறமும் இருந்தவர்கள் விசுவாசத்தை மறைத்தவர்கள் அல்லர். ஜெபமாலை ஏந்தி, கொடியேற்றி, தேர் இழுத்து ஊரறிய வாழ்ந்த கிறிஸ்தவர்கள்தான். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

புதிதாக வந்த அந்தச் சக ஊழியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உங்களைக் கவனிக்கிறார். கையெழுத்துக்காகக் காத்திருக்கும் முதியவரை நீங்கள் உட்காரச் சொல்கிறீர்களா, அலுவலகத்தைப் பெருக்கும் அம்மா உங்கள் மேசையில் அமர்ந்து சாப்பிட முடியுமா என்பதையும் அவர் கவனிப்பார். இவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்பவராக இருக்கலாம். கடிதத்தின் பணிவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. மறுபடி கேட்டால், “சாப்பாடு தந்தவருக்கு நன்றி சொல்கிறேன், அவ்வளவுதான்” என்று சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். போதும்.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் செய்திக்கு வருகிறேன். மணமகன் தேவைப் பக்கங்களில் ‘சி.எஸ்.ஐ.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் வரும். ‘ஜெபிக்கும் குடும்பம்’ என்றும் அதே விளம்பரத்தில் இருக்கும். என் தங்கைக்கு அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்தது என் கைதான். நீங்கள் எழுதப்போகும் விளம்பரத்தில் சாதிப் பெயர் என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிடுங்கள். எளிதல்ல என்று தெரியும். உங்கள் அண்ணன் தம்பிமார் கேட்பார்கள், மாமியார் வீட்டில் முகம் சுளிப்பார்கள், வரும் வரன்கள் குறையலாம். ஏன் விட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் மகளிடம் பேசுங்கள். ஜெபத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்ன அவள் இதற்கு என்ன சொல்கிறாள் என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.

ஜெபித்துக்கொள்கிறேன். விளம்பரம் வெளிவந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.