இரண்டாவது மாட்டுக்காக மூன்றாவது குழுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணவர் கொத்தனார் வேலைக்குப் போகிறார், மாதம் சராசரியாக 12,000 ரூபாய் வரும். ஒரு மாடு இருக்கிறது, தீவனச் செலவு போக 5,000 நிற்கும். இரண்டு குழுக் கடனுக்கு மாதம் 1,800, 2,600 என்று தவணை கட்டுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு 40,000 வாங்கினோம், அதற்கு இன்னும் வட்டி மட்டும்தான் கட்டுகிறோம். இப்போது இன்னொரு நிறுவனம் 24 சதவீத வட்டியில் 60,000 தருகிறேன் என்கிறது, 24 மாதத் தவணை. அதை வாங்கி இன்னொரு மாடு பிடித்தால் மற்ற கடன்களையும் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா? கழுத்தில் 2 பவுன் செயின் இருக்கிறது. வேறு சொத்து கிடையாது.

பதில்: இந்தக் கடனில் இப்போது மாடு வாங்க வேண்டாம். மாடு வாங்கும் யோசனை தப்பில்லை. இந்தக் கடன்தான் மாட்டுக்குப் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாயை 24 சதவீதத்தில் 24 மாதம் கட்டினால் தவணை சுமார் 3,170. புது மாடு கறவைக் காலம் முழுவதற்கும் சராசரியாக 8 லிட்டர் தருகிறது, பால் சங்கத்தில் லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,400 வரும். புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் எல்லாம் சேர்த்து 5,000 போனால் மீதி 3,400. தவணை கட்டிய பிறகு கையில் 230 ரூபாய். சினை ஊசி, வைத்தியச் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. நீங்கள் புல் அறுப்பதற்கும், சாணி அள்ளுவதற்கும், விடிவதற்குள் சங்கத்துக்கு ஓடுவதற்கும் கூலி போடவில்லை. உத்தரப் பிரதேச கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தபோது மாடு வளர்ப்பு சராசரியாக நஷ்டம் என்றே வந்தது.

அப்புறம் பால் வற்றும். அடுத்த கன்று போடும் வரை எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஒரு சொட்டுப் பால் இருக்காது. அப்போதும் தீவனத்துக்கு 2,500, தவணைக்கு 3,170. மாதம் 5,670 ரூபாய் உங்கள் கணவர் கூலியிலிருந்துதான் போக வேண்டும். அந்த மாதங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுந்தால் கட்டட வேலையும் இருக்காது. நீங்கள் கட்டத் தவறினால் குழுவில் மற்ற பெண்கள் தலையில் விழும். அதைச் சமாளிக்க மறுபடியும் யாரிடமாவது மூன்று வட்டிக்குப் போவீர்கள். கிராமத்தில் கடன் மேல் கடன் ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கடன் கிடைத்தாலே வறுமை போய்விடும் என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ உள்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சிறுகடனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக உயரவில்லை என்பதுதான் அவற்றின் பொதுவான முடிவு. ஹைதராபாத்தில், ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்த சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. கொல்கத்தாவில் நடந்த இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேராகப் பொருந்தும். வழக்கமாக இரண்டு வாரத்தில் ஆரம்பிக்கும் தவணையைச் சிலருக்கு மட்டும் இரண்டு மாதம் தள்ளி ஆரம்பித்தார்கள். அவர்களுடைய தொழில் லாபம் பிறகு நன்றாகவே கூடியது. கட்டத் தவறியவர்களின் எண்ணிக்கையும் கூடியது, அதனால்தான் நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குகின்றன. பணம் எப்போது வரும், தவணை எப்போது போகும், இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

“எனக்குத் தகுதி இருப்பதால்தானே தருகிறார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, குடும்பத்தின் மாதத் தவணைகள் மொத்தமும் வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் வருமானம் 17,000, பாதி 8,500. மூன்று குழுக் கடனும் சேர்ந்து 7,570 வருகிறது, விதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரருக்குக் கொடுக்கும் 1,200 எந்தக் கம்ப்யூட்டரிலும் பதிவாகாது. அதையும் சேர்த்தால் 8,770.

அந்த 1,200 ரூபாயில்தான் நீங்கள் முதலில் கை வைக்க வேண்டும். வருடத்துக்கு 36 சதவீதம். இரண்டு வருடத்தில் 28,800 கட்டியும் 40,000 அப்படியே நிற்கிறது. செயினைக் கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ வைத்தால் இன்றைய தங்க விலைக்கு 40,000 தாராளமாகக் கிடைக்கும். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 333 ரூபாய்தான். இப்போது கொடுக்கும் அதே 1,200 ரூபாயை மாதாமாதம் அங்கே கட்டினால் 40 மாதத்துக்குள் அசலும் முடிந்து நகை வீட்டுக்கு வரும். நகைக் கடனை வருடத்துக்கு ஒரு முறை திருப்பியோ புதுப்பித்தோ ஆக வேண்டும், அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடகு வைக்கப் பலருக்குக் கூச்சம். மாதம் 1,200 ரூபாயைத் தெண்டமாகக் கொடுப்பதற்கு அந்தக் கூச்சம் வருவதில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது, இருக்கும் மாட்டின் தீவனச் செலவு. விவசாயிகளுக்குக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டு, கால்நடை வளர்ப்பவர்களுக்கும் உண்டு. 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம். உங்கள் ஊர் கூட்டுறவு கடன் சங்கத்திலும் வங்கிக் கிளையிலும் கேளுங்கள். ஒரு முறை திருப்பி அனுப்புவார்கள், மறுபடியும் போங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் வங்கி நேராகக் குழுவுக்குத் தரும் இணைப்புக் கடனைப் பற்றியும் விசாரியுங்கள், அதுவும் தனியார் குழுக் கடனைவிட வட்டி மிகக் குறைவு.

இரண்டாவது மாட்டை, 1,800 ரூபாய்த் தவணை முடிந்த பிறகு வங்கிக் கடனில் வாங்குங்கள். அதே 60,000, 11 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை 1,305தான். பால் வற்றிய மாதங்களிலும் மூச்சு விடலாம். மாட்டுக்குக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், கால்நடை மருந்தகத்தில் விவரம் சொல்வார்கள். தரகர் சொல்லும் லிட்டர் கணக்கை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். இரண்டாம் ஈற்று மாடாக, அதாவது இரண்டாவது கன்று போட்டதாகப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும் நீங்களே உட்கார்ந்து கறந்து பார்த்த பிறகு விலை பேசுங்கள்.