அந்த ஜெபக் குறிப்பை முதலில் அழியுங்கள்

கேள்வி: என் கல்லூரி நண்பன் நாத்திகன். பதினைந்து வருடப் பழக்கம். எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில், 'நாத்திகக் கட்டிலிருந்து இந்தச் சகோதரன் விடுதலையாக ஜெபியுங்கள்' என்று அவன் பெயர், ஊர் எல்லாம் போட்டு ஜெபக் குறிப்பு கொடுத்தேன். யாரோ அதை அவனுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதமாகப் பேச்சில்லை. பாஸ்டரோ, 'அவிசுவாசியோடு அந்நிய நுகம் வேண்டாம், விட்டுவிடு' என்கிறார். கிறிஸ்தவனும் நாத்திகனும் மரியாதையுள்ள நண்பர்களாக இருக்கவே முடியாதா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முடியும். உங்கள் சிக்கல் அதுவல்ல. குடி, கடன், பில்லிசூனியம் என்று வரிசையாக வரும் குறிப்புகளுக்கு நடுவே நண்பரையும் ஒரு வியாதியாகச் சேர்த்துவிட்டு, அவர் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். 'மூடநம்பிக்கையில் விழுந்த என் நண்பன் தெளிய வாழ்த்துங்கள்' என்று அவர் உங்கள் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தால்?

ஜெபித்தது தப்பென்று சொல்ல வரவில்லை. கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்றொரு பத்திரிகையாளர். மதம் எல்லாவற்றையும் விஷமாக்குகிறது என்று 2007-ல் புத்தகமே எழுதியவர். 2010-ல் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. கடவுளைத் திட்டிய தொண்டைக்குக் கிடைத்த கூலி என்று சில பக்தர்கள் குதித்தார்கள். வேறு சிலர் செப்டம்பர் 20-ஐ அவருக்காக ஜெபிக்கும் நாளாகவே அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்தில் வந்து நின்றவர் பிரான்சிஸ் காலின்ஸ். மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி, ஊரறிந்த விசுவாசி. மேடைகளில் இருவரும் எதிரெதிர் கட்சி. காலின்ஸ் என்ன செய்தார்? அந்தக் கட்டியின் மரபணுக்களையே படித்துப் பார்த்து, அதற்கேற்ற மருந்தைத் தேட வழி காட்டினார். ஜெபமும் செய்தார், அது ஹிட்சன்ஸுக்கும் தெரியும். சாகும் நேரத்தில் நான் மனம் மாறினேன் என்று யாராவது கிளப்பினால் நம்பாதீர்கள் என்று ஹிட்சன்ஸ் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அதற்காக காலின்ஸ் வருவதை நிறுத்தவில்லை. 2011 டிசம்பரில் ஹிட்சன்ஸ் போய்ச் சேர்ந்தார், கடைசிவரை நாத்திகராக. நினைவுக் கூட்டத்தில் காலின்ஸ் உட்கார்ந்து பியானோ வாசித்தார்.

இன்னொருவர், மிலான் நகரத்துப் பேராயராக இருந்த கர்தினால் மார்த்தினி. 1987-ல் 'நம்பாதவர்களின் இருக்கை' என்று தொடர் கூட்டங்களை ஆரம்பித்து, கடவுளை நம்பாதவர்களைப் பேசவைத்து உட்கார்ந்து கேட்டார். உங்கள் நண்பர் ஏன் நம்பவில்லை என்று இந்தப் பதினைந்து வருடத்தில் நீங்கள் ஒரு தடவையாவது கேட்டதுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்நிய நுகத்துக்கு வருவோம். அவிசுவாசிகளோடு ஒரே நுகத்தில் பிணையாதே என்ற அந்த வசனம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (கடிதத்தில்) வருகிறது. பாஸ்டர் முதல் நிருபத்தையும் புரட்டியிருக்கலாம். வெளியாட்களோடு பழகவே கூடாதென்றால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று பவுல் அதில் 5ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு உனக்கும் போக மனமிருந்தால், போ, இலையில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் (இலை என் சேர்க்கை). நுகம் மாட்டுவது ஏர் உழ. பந்தியில் பக்கத்தில் உட்கார அல்ல.

நாத்திகர்களும் சளைத்தவர்கள் இல்லை. கிறிஸ்துமஸ் கேக்கை மென்றுகொண்டே 'கன்னிக்கு எப்படிப் பிள்ளை?' என்று ஆரம்பிப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி அனுப்பியது நீங்கள். உங்கள் நண்பர் எழுதினால் அவருக்கும் வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு அந்தக் குறிப்பை அழியுங்கள். அழிய மறுத்தால், அதே குழுவில் 'நண்பரைக் கேட்காமல் அவர் பெயரைப் போட்டது என் தப்பு' என்று எழுதுங்கள். அதையும் யாராவது அவருக்கு அனுப்பிவைப்பார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். வசனக் காலண்டர் எடுத்துப் போகாதீர்கள்.