ஒரு நாளைக்கு 120 கிலோ கொழுந்து எங்கே போகிறது?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் 22 சிறு தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கி, சொந்த லொறியில் பெக்டரிக்குக் கொடுக்கிறேன். நான் நிறுக்கும்போது ஒரு நாளைக்கு 1,200 கிலோ. பெக்டரி பில்லில் 1,080 தான் வருகிறது. ஆறு மாதத்துக்கு முன்பு 60 கிலோவுக்கு மேல் குறைந்ததில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு கன்சல்டன்ட், ‘சிக்ஸ் சிக்மா’ முறையில் ஆராய்ந்து சரிசெய்து தருகிறேன், சான்றிதழும் உண்டு, 175,000 ரூபா என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி.

சிக்ஸ் சிக்மா பொய்யான முறை இல்லை. 1986இல் மோட்டோரோலா கம்பனியில் தொடங்கியது. பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 பிழைக்கு மேல் வரக்கூடாது என்பது அதன் இலக்கு. லட்சக்கணக்கில் ஒரே மாதிரி உதிரிப்பாகம் செய்கிறவர்களுக்கு அது சரி. உங்களிடம் இருப்பது 22 பேரும் ஒரு லொறியும். அப்புறம் அந்தச் சான்றிதழ். பச்சை பெல்ட், கறுப்பு பெல்ட் என்று கொடுப்பார்கள். அதை வழங்க உலகத்துக்கென்று ஒரே ஒரு அதிகாரசபை கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் பெக்டரிக்காரர் ஒரு கிலோ கூட்டிப் போடப் போகிறாரா?

இவரைப் போன்ற தரகர்களை மலையகத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். கடன் கொடுக்கிற இடத்தில் விண்ணப்பத்தோடு திட்ட அறிக்கை வேண்டும் என்று கேட்பார்கள். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நம் ஆள் தரகரிடம் ஓடுவார். அப்படி எழுதி வாங்கிய ஒரு கொழுந்து வியாபாரியின் அறிக்கையில் ‘கடலோரச் சந்தை வாய்ப்புகள்’ என்று இரண்டு பக்கம் இருந்தது. எங்கேயோ மீன் வியாபாரிக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். வாங்கி வைத்த அதிகாரியும் படிக்கவில்லை. பயிற்சிப்பட்டறை என்றால் பேனர், போட்டோ, சாப்பாட்டுப் பார்சல். ஒருத்தருடைய பில்லையாவது எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார்களா என்றால் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு பென்சிலும் கொப்பியும் போதும். ‘இலாபம் குறைகிறது’ என்று எழுதாதீர்கள். ‘1,200க்கு 120 கிலோ குறைகிறது, முன்பு 60’ என்று எழுதுங்கள். அந்த 120 கிலோ எந்தெந்த வழியாகப் போக முடியும்? கொழுந்தில் ஒட்டிய தண்ணீருக்குப் பெக்டரி கழிப்பது, முற்றின கொழுந்துக்கும் சிவந்த கொழுந்துக்கும் கழிப்பது, வழியில் வாடுவது, களவு, தராசு. இதற்கு வெளியே வேறு வழி இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோவைப் போடுங்கள். பெரிய கம்பனிகள் கிளை கிளையாகப் படம் வரைந்து செய்வதும் இதைத்தான். மழையை மறக்க வேண்டாம்: உங்கள் ஊவா மாகாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையை ஆடி வெயிலோடு ஒப்பிட்டால் கணக்கு பிழைக்கும். போன வருடம் இதே மாதத்துப் பில்லை எடுங்கள்.

பெரிய எண் எதன் எதிரே விழுகிறதோ, அதை மட்டும் பிடித்து ‘ஏன்?’ என்று கேளுங்கள். டொயோட்டாவில் ஐந்து தடவை கேட்பார்கள். உதாரணத்துக்கு, கொழுந்து ஏன் சிவக்கிறது? மூடையில் அமுக்கிக் கட்டியதால் நசுங்கிச் சூடேறுகிறது. ஏன் அமுக்க வேண்டும்? லொறி ஒரே நடைதான் போகிறது. ஏன் ஒரே நடை? டீசல் விலை கூடியதும் காலை நடையை நிறுத்திவிட்டீர்கள். அது நின்று எத்தனை மாதம்? ஆறாக இருக்கலாம், உங்கள் கொப்பிதான் சொல்ல வேண்டும். ‘டிரைவர் சோம்பேறி’ என்று ஒரு ஆளின் பெயரில் பதில் நின்றால், இன்னும் ஒரு ‘ஏன்’ பாக்கி இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் இது பொருந்தாது, அது தராசு. தராசு பிழை என்றால் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு, இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள். அதனால் இதை முதலில் பாருங்கள். 20 லீட்டர் தண்ணீர் 20 கிலோ. வெற்றுக் கேனை நிறுத்து, அளந்து ஊற்றி, மறுபடி நிறுங்கள். தட்டுத் தராசு என்றால் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள், நாலும் ஒன்றாகக் காட்ட வேண்டும். சரிவில் வைத்து நிறுக்காதீர்கள். நம் ரோட்டோரங்களில் சரிவில்லாத இடம் கிடைப்பதே கஷ்டம், ஒரு பலகையாவது போடுங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை தராசில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் தராசே கூட்டிக் காட்டினால், 22 பேருக்கும் இல்லாத கொழுந்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் பெக்டரியோடு சண்டைக்குப் போனால் அவமானம்தான் மிச்சம்.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு மூடைகளில் ஆள்வாரியாக அடையாளம் போட்டு, கழிவையும் ஆள்வாரியாக எழுதுங்கள். 22 பேரும் ஒரே அளவு காரணமாக இருப்பது அபூர்வம். நாலைந்து பேர் கண்ணில் படுவார்கள். பறிப்புச் சுற்று 7 நாளிலிருந்து 12, 14 என்று நீண்டிருந்தால் கொழுந்து முற்றிவிடும், நல்ல கொழுந்தான இரண்டு இலையும் மொட்டும் எங்கே வரும்? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரு வாரம் பாருங்கள். காலை நடை, காற்றுப் போகும் கூடை, புதுத் தராசு மூன்றையும் ஒன்றாக இறக்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பெக்டரியிடம் மொத்த எடை, தண்ணீர்க் கழிவு, தரக் கழிவு மூன்றையும் தனித்தனியாக எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால், ஒரு வாரம் இரண்டு மூடையை வேறு பெக்டரிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பில்லையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.