அறுவை சிகிச்சை வரை அப்பா படுத்தே இருக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. ஐந்து வாரத்தில் அறுவை சிகிச்சை. அதுவரை உடம்பை அலட்டக் கூடாது என்று உறவினர்கள் படுக்க வைத்துவிட்டார்கள். மருத்துவமனையிலோ தினமும் நடக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? அப்பா புகை பிடிப்பவர்.

பதில்: மருத்துவமனையில் சொன்னதைக் கேளுங்கள். உறவினர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் நல்ல உடல்நிலையில் இருக்கும் முதியவர்கள்கூட 10 நாள் படுத்தே கிடந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்படியும் தசை குறையத்தான் போகிறது. அதை முன்கூட்டியே ஏன் இழக்க வேண்டும்?

தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும். லேசாக மூச்சு வாங்க வேண்டும். ஆனால் பேச முடிய வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதைவிட நான் வலியுறுத்துவது நாற்காலிப் பயிற்சியை. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். பிறகு பொத்தென்று விழாமல் மெல்ல அமர வேண்டும். முடிந்தவரை செய்து, சற்று ஓய்வெடுத்து மறுபடியும் செய்யலாம். சிகிச்சைக்கு மறுநாள் வயிற்றில் தையலோடு கட்டிலை விட்டு எழும்போது அவரைத் தாங்கப்போவது இந்தத் தொடைத் தசைதான்.

தசை வளரப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுவான கணக்கு. முட்டை, மீன், பால், பருப்பு எதுவானாலும் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

புகையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரமாவது விட்டிருந்தால் சளி கட்டுவதும் காயம் ஆறாமல் இழுப்பதும் குறையும். உங்களுக்கு அந்த அவகாசம் சரியாக இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். மூச்சுப் பயிற்சிக் கருவியையும் கேட்டு வாங்கி இப்போதே பழகட்டும்.

குடல் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிவதுண்டு. ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இருந்தால், இரும்புச்சத்தை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்க வேண்டுமா என்று இந்த வாரமே கேளுங்கள்.

பயிற்சி போதவில்லை என்று நீங்களாகச் சிகிச்சைத் தேதியைத் தள்ளிவைக்காதீர்கள். இடையில் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் போனால் குடல் அடைத்திருக்கலாம். தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.